வால் மேசைக்காரிகள்

எனக்கு வயது அறுபத்தெட்டு. வளர்த்தது நாலு பேரை. மூணு என் வயிற்றில் பிறந்தது, ஒண்ணு என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. நாலும் இன்றைக்குத் தன் காலில் நிற்குதுக. அது போக, என் கையால் வால் மாட்டி வானத்துக்கு அனுப்பின ப்ளேன்களை நான் எண்ணி வைக்கவில்லை.

ப்ளேன் என்றதும் ஆள் ஏறிப் போகிறதை நினைக்க வேண்டாம். தரையில் நின்றுகொண்டு, கையில் ஒரு பெட்டியை வைத்து ஓட்டுகிற ரிமோட் ப்ளேன். அதற்காக விளையாட்டுச் சாமான் என்றும் நினைக்க வேண்டாம். நாங்கள் செய்தது பெரிய ரகம். இறக்கையை விரித்தால் கட்டிலை விட நீளம். பெட்ரோல் இஞ்சின். அது ஓடும்போது பக்கத்தில் நின்றால் பல் கூசும்.

திண்டுக்கல்லில் இருந்து சின்னாளப்பட்டி போகிற வழியில், மதுரை ரோட்டை ஒட்டின தகரக் கொட்டகைதான் எங்கள் பட்டறை. போன வாரம் அங்கே இருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பிள்ளை போன் போட்டது. இனிமேல் வாலுக்கு ஸ்க்ரூ கிடையாதாம். சொருகி அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்கிற ஸ்பிரிங் கொக்கி வந்துவிட்டதாம். "பாட்டி, ஒரு ஸ்க்ரூவுக்கு ரெண்டு ஆளு நின்னீங்களாமே, நிசமா? எழுதிக் குடுங்களேன்" என்றது. நிசம்தான். எழுதுகிறேன். மூணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும், வேலை ஒருநாளும் கோணினது இல்லை.

எரியோட்டில் தோட்டவேலை பார்த்தேன். பிறகு நூல் மில்லுக்குப் போனேன். மில்லை மூடினதும் இந்தக் கொட்டகைக்கு வந்தேன். முதலில் மரத்தூள் கூட்டினேன், அப்புறம் உப்புத்தாள் போட்டு மரம் தேய்த்தேன், அதற்கப்புறம் இறக்கைக்குத் துணி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் தாளைச் சூடு வைத்து ஒட்டினேன். ஒரு சுருக்கம் விழாது. அதைப் பார்த்துத்தான் ராஜாமணி சார் என்னை வால் மேசைக்குக் கூப்பிட்டார்.

சார்தான் பட்டறைக்குச் சொந்தக்காரர். சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். நிஜ விமானங்களைப் பழுது பார்க்கிற இடத்தில் ரொம்ப வருசம் இருந்துவிட்டு, ஓய்வு வாங்கி வந்து இதை ஆரம்பித்தார். கோபம் வந்தால் கத்த மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவர் துடைக்கத் துடைக்க, செய்து வைத்ததை எல்லாம் நாங்கள் மறுபடி எடுத்துப் பார்ப்போம். வேலை நன்றாக இருந்தாலும் வாயால் சொல்ல மாட்டார். விரல் முட்டியால் மேசையை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். அந்த ஒரு தட்டுக்காக நாங்கள் நாளெல்லாம் குனிந்து கிடந்திருக்கிறோம்.

கூட்டிப் பெருக்குகிறவளில் இருந்து சரக்கு வாங்க வருகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். பெயிண்ட் அடிக்கிற முருகேசன் சொல்வான்: "இந்த மனுசன் ப்ளேனைக்கூட 'ஏறுங்க, எறங்குங்க'ன்னு சொல்லித்தான் ஓட்டுறாரு போல. அதான் அது சொன்ன பேச்சுக் கேக்குது."

இப்போது வாலைப் பற்றிச் சொல்கிறேன். பின்பக்கத்தில் படுத்த வாக்கில் இரண்டு சின்ன இறக்கை இருக்கும், இடது ஒன்று, வலது ஒன்று. அதைச் சேர்த்தே ஒட்டிவிட்டால் ப்ளேனைக் காரில் ஏற்ற முடியாது. அதனால் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்வோம். ப்ளேனின் பின்பக்கத்தில் குறுக்கே ஒரு குழாய் போகும். வால் துண்டை அதில் சொருக வேண்டும். துண்டு சுற்றாமல் இருக்க முன்னால் ஒரு சின்ன முளை. வெளியே நழுவாமல் இருக்க அடியில் இருந்து ஒரே ஒரு ஸ்க்ரூ. அது மரத்தைத் தாண்டிப் போய், குழாய்க்குள் இருக்கிற மரையில் பிடிக்கும். அம்புட்டுதான். நகத்துக்கு மேலே கொஞ்சம் நீளம், அவ்வளவு சிறிய ஸ்க்ரூ. இறக்கையில் ஓட்டை விழுந்தாலும் சார் எப்படியாவது இறக்கிவிடுவார். வாலில் ஒரு பக்கம் போய்விட்டால் யார் கையில் பெட்டி இருந்தும் பிரயோசனம் இல்லை. மூக்கைக் குத்திக்கொண்டு வந்துவிடும்.

முதலில் குழாயைத் துணியால் துடைக்கணும். துண்டைச் சொருகி, உடம்போடு ஒட்டுகிற வரை தள்ளணும். இடையில் தலைமுடி நுழையக் கூடாது. நான் என் தலையில் இருந்தே ஒரு முடியைப் பிடுங்கி விட்டுப் பார்ப்பேன். அப்புறம் ஸ்க்ரூ மரையில் ஒரு சொட்டு நீலப் பசை. அந்தப் பசைக்கு ஒரு குணம். காற்றுப் பட்டால் தண்ணியாகவே கிடக்கும், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் அடைபட்டால்தான் இறுகும். மறுநாள் காலையில் கல்லு மாதிரி ஆகிவிடும். ஸ்க்ரூ திருகுகிற சாவியைப் போட்டால் கழலும், இஞ்சின் ஆட்டத்துக்குக் கழலாது. ஸ்க்ரூவை முதலில் விரலால் முட்டுகிற வரைக்கும் ஓட்டி, பிறகு சாவியால் துளி அழுத்தம். கூடிப்போனால் மரம் நசுங்கும். "மரத்தோட மல்லுக்கட்டாதீங்கம்மா, புடிச்சா விட்டுருங்க" என்பார் சார்.

அதற்கப்புறம்தான் அந்த ரெண்டு ஆள் சமாச்சாரம். ஸ்க்ரூ போட்டவர் அதைச் சரிபார்க்கக் கூடாது. போட்டவர் "போட்டாச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். இன்னொருத்தர் வந்து வால் துண்டைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்து, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து "புடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். தன் வேலையைத் தானே இழுத்துப் பார்க்கிறவன் மெதுவாகத்தான் இழுப்பான் என்பது சார் கணக்கு.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். ஒருத்தர் போட்டது வானத்தில் கழன்றால், அவர் அந்த மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும். பேக்கிங் பக்கம் போய்ப் பெட்டி கட்டலாம். திரும்ப மேசைக்கு வரக் கூடாது. எனக்கு முன்னால் ஒருத்தர் அப்படி எழுந்து போனாராம். பெட்டி கட்டப் பிடிக்காமல் வேலையையே விட்டுப் போய்விட்டாராம். அதனால் 'போட்டாச்சு' என்று சொல்வதற்கு முன்னால் எல்லாரும் ஸ்க்ரூவை இன்னொரு தரம் பார்த்துக்கொள்வோம்.

மும்தாஜ் வந்தது நான் மேசையில் நன்றாகக் காலூன்றின பிறகு. பேகம்பூர்க்காரி. அவள் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர், நெஞ்சுச்சளி வந்து படுத்துவிட்டார். அவர்கள் வீட்டில் வெளி வேலைக்கு வந்த முதல் பெண் இவள்தான். மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "ஒரு குத்தம் கொறை காதுல விழுந்துச்சு, அன்னையோட வீட்ல உக்காந்துக்கணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். அதை முதல் நாளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். "அப்ப குத்தமே வராமப் பாத்துக்குவோம், வா" என்றேன். கை சுத்தமான வேலைக்காரி. அவள் போடுவாள், நான் இழுப்பேன். நான் போட்டால் அவள் இழுப்பாள். இழுக்கும்போது என் மேல் துளிகூட இரக்கம் காட்ட மாட்டாள்.

அந்த வருசம் ஆயுத பூசை எங்கள் கொட்டகையில் தடபுடலாக நடந்தது. மதுரைக்காரர் ஒருத்தர் ஒரே மாதிரி ரெண்டு பெரிய ப்ளேன் கேட்டிருந்தார். அம்புட்டுப் பெரியதை அதுவரை நாங்கள் செய்தது இல்லை. அந்தச் சந்தோசம். சாரே குத்தவைத்து உட்கார்ந்து சாவி, கத்தி, ரம்பம், ஸ்க்ரூ, மரை என்று ஒன்று விடாமல் மண்ணெண்ணெயில் கழுவினார். மெசின் எண்ணெய் தடவினார். வாழையிலையில் பரப்பிச் சந்தனம் குங்குமம் வைத்தார். இரும்பெல்லாம் நகைக்கடை மாதிரி மினுங்கியது. மும்தாஜ்தான் எல்லாருக்கும் பொரிகடலை பங்கு வைத்தாள். முருகேசன் ரெண்டு தரம் கை நீட்டினான். "ஒங்களுக்குக் குடுத்தாச்சுண்ணே, அடுத்த வருசம் வாங்க" என்றாள்.

பூசை முடிந்து முதல் ப்ளேனுக்கு வால் மாட்டினோம். மும்தாஜ் ஸ்க்ரூ போட்டாள். நான் இழுத்தேன். சும்மா இல்லை, மேசையே நகர்கிற மாதிரி இழுத்தேன். அசையவில்லை. சில நாள் கழித்துப் பெயிண்டெல்லாம் முடிந்ததும் எரியோடு பக்கம் காய்ந்து கிடந்த கம்மாய்க்கு எடுத்துப் போனோம். புதுப் ப்ளேனை அங்கேதான் சார் ஓட்டிப் பார்ப்பார்.

ஏறினது அழகாக. ஒரு வட்டம் அடித்தது. ரெண்டாவது வட்டத்தில் சார் வேகத்தைக் கூட்டினார். என் கண் எப்போதும் வாலில்தான் இருக்கும். வலது துண்டு ஒரு துடி துடித்தது. அப்புறம் தனியாகப் பிரிந்து, காற்றில் விட்ட தட்டு மாதிரிச் சுழன்றுகொண்டு கருவேலம் புதருக்குள் போய் விழுந்தது. ப்ளேன் கவிழ்ந்தது. சார் கடைசி வரைக்கும் பெட்டியை விடவில்லை. கம்மாய்க்கரையைத் தாண்டி ஒரு சத்தம். அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

யாரும் மும்தாஜைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் அவளுக்கு அடி.

புதரில் கிழிபட்டு நானே அந்தத் துண்டை எடுத்து வந்தேன். ஸ்க்ரூ இல்லை. ஆனால் ஓட்டை பிய்ந்துபோகவில்லை, சுத்தமாக இருந்தது. இழுத்துப் பிடுங்கியிருந்தால் மரம் கிழிந்திருக்கும். ஸ்க்ரூ தானாகத் திரும்பித் திரும்பிக் கழன்றிருக்கிறது. சார் கண்ணாடியைக் கழற்றினார்.

பட்டறைக்கு வந்ததும் முருகேசன் ஆரம்பித்தான். "வளவி போட்ட கைக்கு அந்தத் திருகோட அழுத்தம் எங்கிட்டுத் தெரியும்? நான் அன்னைக்கே சொன்னேன்."

"ஏலே முருகேசா," என்றேன், "இழுத்தது நான். என் கையிலயும் வளவிதான் கெடக்கு. என் இழுப்புல நிக்காததையா நான் 'புடிச்சாச்சு'ன்னு சொல்லுவேன்?" சாரிடமும் சொன்னேன்: "சார், எந்திரிக்கச் சொன்னா ரெண்டு பேரையும் சொல்லுங்க. அவளை மட்டும் சொல்லாதீங்க."

சார் என்னைப் பார்த்தார். "விதியில இழுத்தவங்களைப் பத்திச் சொல்லலீங்கம்மா."

மும்தாஜ் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். "பரவால்லக்கா. நான் பெட்டி கட்டப் போறேன். மாமிக்கு மட்டும் என்ன சொல்றதுன்னு தெரியல" என்றாள். பெட்டி கட்டுகிறதற்கு அவள் மாமியார் விடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அன்றையோடு அவள் வீட்டுக்குள் போய்விடுவாள்.

உடைந்து வந்த ப்ளேனில் இடது துண்டு இன்னும் மாட்டினபடியே இருந்தது. சார் உட்கார்ந்து அதன் ஸ்க்ரூவில் சாவியை வைத்தார். ஒரு அழுத்தமும் இல்லாமல் சுற்றியது. அதுவும் பாதி கழன்றுதான் நின்றிருக்கிறது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மரையில் நீலம் ஒழுகியது.

"பசை போட்டிருக்காங்க," என்றார். "ஆனா இறுகவே இல்லீங்க."

"சார், போட்டு இத்தனை நாள் ஆச்சே, இன்னும் ஈரமா இருக்குது?" என்றாள் மும்தாஜ். அழுகிற குரல் இல்லை. வேலைக்காரி கேட்கிற கேள்வி.

முருகேசன் விடவில்லை. "பொம்பளையாளுக தலை நெறைய எண்ணெய் வச்சுட்டு வருவாக. அந்தக் கையோட ஸ்க்ரூவத் தொட்டா பசை எப்படிப் புடிக்கும்?"

"என் தலையை நீங்க என்னைக்காச்சும் பாத்திருக்கீங்களாண்ணே?" என்று திரும்பினாள் மும்தாஜ். "முக்காட்டுக்குள்ள கையை விட்டு எண்ணெய் எடுத்துக்கிட்டு வந்தா ஸ்க்ரூ போடுறேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சார் சிரிக்கவில்லை. ஆனால் எண்ணெய் என்ற சொல் அவர் காதில் நின்றுவிட்டது என்று தோன்றியது. எழுந்து போய் ரெண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவினார். துண்டுக் குழாய் ரெண்டு எடுத்தார். ஒன்றில், மேசை மேல் எப்போதும் இருக்கிற டப்பாவில் இருந்து ஒரு ஸ்க்ரூ போட்டார். இன்னொன்றில், கடையில் இருந்து வந்து பிரிக்காமல் கிடந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு ஸ்க்ரூ போட்டார். ரெண்டுக்கும் அதே பாட்டில் பசை, அதே கை. "நாளைக்குக் காலையில எல்லாரும் வாங்க. அதுவரைக்கும் மேசையில யாரும் உக்கார வேண்டாமுங்க."

மறுநாள் மும்தாஜ் வருவாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். எனக்கு முன்னாலேயே போய் மேசைப் பக்கத்தில் நின்றாள், உட்காரவில்லை.

பொட்டலத்து ஸ்க்ரூவைச் சார் சாவி வைத்துத் திருகினார். வரவில்லை. மணிக்கட்டு நரம்பு புடைக்கத் திருகினபிறகு 'கிறீச்' என்று விட்டது. டப்பா ஸ்க்ரூவை விரலால் தொட்டார். தானாகச் சுற்றியது. அவர் டப்பாவை எடுத்து மூக்குப் பக்கத்தில் வைத்தார்.

எங்கள் எல்லாருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. வாழையிலை, சந்தனம், மினுங்கின இரும்பு, எல்லாம் கண் முன்னால் வந்தது. முருகேசன் மேலே தகரத்தைப் பார்த்தான். சாரும் பேசாமல் இருந்திருக்கலாம். கடையில் வாங்கினதே அப்படி என்று சொல்லியிருக்கலாம், நாங்களும் தலையாட்டியிருப்போம்.

சார் டப்பாவைக் கீழே வைத்தார்.

"பூசைக்கு எண்ணெய் போட்டது நானுங்க," என்றார். "சாமிக்கு முன்னால பளபளன்னு இருக்கட்டும்னு போட்டேன். தொடைக்கணும்கிற நெனப்பு வரல. எண்ணெய் பட்ட மரையில பசை புடிக்காதுன்னு எனக்குத் தெரியும், அந்தம்மாவுக்கு யாரும் சொன்னதில்லீங்க." மும்தாஜ் பக்கம் திரும்பினார். "நீங்க உக்காருங்கம்மா. எந்திரிக்க வேண்டியது நானு."

சொன்னதோடு விடவில்லை. அவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு பேக்கிங் பக்கம் போய்விட்டார். பட்டறைக்குச் சொந்தக்காரர், பழைய பேப்பரைக் கசக்கிப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன கேட்டாலும் அங்கிருந்தே பதில். மேசைப் பக்கம் வரவில்லை. ஒரு நாள், ரெண்டு நாள் என்று போய்க்கொண்டே இருந்தது. எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் கழுவிக் காய வைத்தோம். ரெண்டாவது ப்ளேன் வாலுக்கு வந்தது. முருகேசன் ரெண்டு நாளாக மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூணாம் நாள் சட்டைப் பையில் இருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து வைத்தான். சிவப்பு நகப்பாலிஷ்.

"என் வீட்டுக்காரியோடது. சொல்லிராதீங்க," என்றான். "ஸ்க்ரூத் தலையில இருந்து பக்கத்து மரம் வரைக்கும் இதுல ஒரு கோடு இழுத்து விடுங்க. ஸ்க்ரூ துளி திரும்புனாலும் கோடு ரெண்டா ஒடஞ்சு காட்டிக் குடுத்துரும். பறக்க விடுறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாத்தாப் போதும்."

மும்தாஜ் அந்தப் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாள். "இதுல எண்ணெய் இல்லையேண்ணே?" என்றாள். முருகேசன் காது வரைக்கும் சிவந்துவிட்டான். அம்புட்டுதான், அவர்கள் சண்டை அதோடு தீர்ந்தது.

மும்தாஜ் முடி விட்டுப் பார்த்தாள், பசை வைத்தாள், ஸ்க்ரூ ஓட்டினாள், மறுநாள் காலையில் கோடு இழுத்தாள். "போட்டாச்சு" என்றாள். நான் இழுக்கப் போனேன். "நீங்க உக்காருங்கக்கா" என்று தடுத்துவிட்டு நேரே பேக்கிங் பக்கம் போனாள்.

"சார், போட்டாச்சு. இழுக்க ஆள் வேணும்."

சார் பேப்பரைக் கசக்கிக்கொண்டே, "அக்கா இருக்காங்களேங்க" என்றார்.

"அக்காவுக்குக் கை வலிக்குதாம்."

எனக்கு ஒரு வலியும் இல்லை. ஆனாலும் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டேன். சார் என்னைப் பார்த்தார். நான் முகத்தைச் சுளித்தேன்.

"போட்டவங்கதான் மேசைக்கு வரக் கூடாது சார்," என்றாள் மும்தாஜ். "இழுக்கிறவங்களப் பத்தி விதியில ஒண்ணும் இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க."

சார் கையில் இருந்த பேப்பரைப் பெட்டிக்குள் போட்டார். அப்புறம் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். வாலைப் பிடித்தார். இரக்கமே இல்லாமல் இழுத்தார், மேலும் கீழும் ஆட்டினார், மறுபடி இழுத்தார். "புடிச்சாச்சுங்க" என்றார். விரல் முட்டியால் மேசையை ஒரு தட்டு தட்டினார்.

அந்தப் ப்ளேனைப் பறக்கவிட்ட அன்றைக்கு மும்தாஜ் ஒரு காரியம் பண்ணினாள். மாமியாரையே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு கம்மாய்க்கு வந்துவிட்டாள். நடந்தது எல்லாவற்றையும் வீட்டில் தானே சொல்லிவிட்டாளாம், மற்றவர்கள் வாயால் போகிறதுக்கு முன்னால். அந்தம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "வால் இருக்கா? இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். ப்ளேன் தலைகீழாக ஒரு புரட்டு புரண்டபோது "யா அல்லா" என்று என் கையைப் பிடித்தவர், அது இறங்கித் தரையில் ஓடி நிற்கிற வரைக்கும் விடவில்லை. அப்புறம் கிட்டப்போய்க் குனிந்து அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். கோடு உடையவில்லை. "இதுவா நீ போட்டது?" என்று மருமகளைக் கேட்டார். "இம்புட்டுக்காண்டு ஸ்க்ரூவா?" அதற்கப்புறம் வீட்டில் உட்காரு என்ற பேச்சே அங்கே எழவில்லை.

இன்றைக்கு வால் மேசைக்கு மும்தாஜ்தான் பெரிய ஆள். சாருக்கு வயதாகிவிட்டது, ஓட்டிப் பார்க்க மட்டும் வருகிறார். ஸ்பிரிங் கொக்கி வரட்டும், நல்லதுதான். சீக்கிரம் மாட்டலாம், எண்ணெய்க்கும் பயப்பட வேண்டாம். ஆனாலும் பிள்ளைகளா, மாட்டினவரே இழுத்துப் பார்க்காதீர்கள். இன்னொருத்தரைக் கூப்பிடுங்கள்.

என் மூத்தவன் மகள் கயல்விழி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஏ கயலு, அந்த செல்லைக் கீழ வச்சிட்டு இதைப் பிடி. மும்தாஜ் வாற இடத்துல இருந்து கடைசி வரைக்கும் சத்தமா வாசி. நாளைக்கு இதைப் பட்டறையில அவதான் எல்லாருக்கும் முன்னால நின்னு படிக்கப் போறா. அவ மேல குத்தம் இருந்த மாதிரி ஒரு வார்த்தை எங்கனயாச்சும் காதுல பட்டா அங்கனயே நிறுத்து, அதை அடிச்சிட்டு வேற எழுதுவோம்.